சாம்பியன் பட்டத்தைக் கொடுத்தது யார்?

மிச்சிகன் பல்கலைக்கழகக் கால்பந்து அணி தேசிய சாம்பியன் பட்டத்தைப் பன்னிரண்டு முறை வென்றிருக்கிறது என்கிறார்கள். அலபாமா பதினெட்டு முறை என்கிறார்கள். இந்த எண்களைக் கேட்கும் புதியவர், எங்கோ ஓர் அலுவலகத்தில் பேரேடு ஒன்று இருப்பதாகவும், ஆண்டுதோறும் அதில் ஒரு பெயரை எழுதிக் கோப்பையைக் கையில் கொடுப்பதாகவும் நினைத்துக்கொள்வது இயல்பு. அப்படி ஒரு பேரேடு கிடையாது. அந்த எண்கள், அந்தந்தப் பல்கலைக்கழகம் தனக்கு உரியவை என்று சொல்லிக்கொள்ளும் பட்டங்களின் கணக்கு.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பின் பெயர் என்சிஏஏ. கூடைப்பந்து, நீச்சல், தடகளம், வாள்வீச்சு என்று பலவற்றுக்கும் அது போட்டி நடத்திப் பட்டம் கொடுக்கிறது. கால்பந்தின் கீழ்ப் பிரிவுகளுக்கும் கொடுக்கிறது. லட்சம் பேர் அரங்கில் கூடிப் பார்க்கும் உச்சப் பிரிவுக்கு மட்டும் அது ஒருமுறைகூடப் போட்டி நடத்திப் பட்டம் கொடுத்ததில்லை. அந்த இடைவெளியில்தான் நூறாண்டுச் சண்டைகள் வளர்ந்தன.

இங்கே பேசுவது அமெரிக்கக் கால்பந்து. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. ஆட்ட விதிகளை இந்தக் கட்டுரை விளக்கப்போவதில்லை. ஓர் அணியின் பழைய பருவங்களைப் பற்றி ரசிகர்கள் வாதாடும்போது எதைப் பற்றி வாதாடுகிறார்கள் என்பதுதான் விஷயம். எடுத்துக்காட்டாக மிச்சிகனை வைத்துக்கொள்வோம். 1879 முதல் ஆடிவரும் அணி அது. இந்த விளையாட்டில் நேரக்கூடிய குழப்பம் அத்தனையும் அதன் வரலாற்றிலேயே கிடைக்கின்றன.

## மதிப்பெண் சரி, வினாத்தாள் எது?

ஒரு மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன, பொதுத்தேர்வு என்ற ஒன்று இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பள்ளியும் தன் வினாத்தாளைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஒரு பள்ளியில் ஒரு மாணவி 100 வாங்கியிருக்கிறாள். கடினமான தாளுக்குப் பெயர்போன இன்னொரு பள்ளியில் ஒருவன் 96 வாங்கியிருக்கிறான். மாவட்டத்தில் முதலிடம் யாருக்கு? மதிப்பெண் பட்டியலை எத்தனை முறை பார்த்தாலும் விடை கிடைக்காது. இரண்டு வினாத்தாள்களையும் படித்துப் பார்த்து யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கல்லூரிக் கால்பந்தின் அடிப்படைச் சிக்கல் இதுதான். 2024இல் உச்சப் பிரிவில் 134 அணிகள் இருந்தன. ஒவ்வொன்றும் வழக்கமான பருவத்தில் 12 ஆட்டங்கள் ஆடுகிறது. எல்லோரும் எல்லோருடனும் மோத வேண்டுமானால் ஆளுக்கு 133 ஆட்டங்கள் தேவை. வாரம் ஓர் ஆட்டத்துக்கு மேல் உடம்பு தாங்காத விளையாட்டு இது, ஆகவே அதற்கு வழியே இல்லை. ஓர் அணி தன் பிரிவின் பெரும்பாலான அணிகளை ஒருமுறைகூடச் சந்திக்காமலே பருவத்தை முடித்துவிடுகிறது. 12 ஆட்டங்களிலும் வென்ற அணி, 11இல் வென்று ஒன்றில் தோற்ற அணியைவிடச் சிறந்தது என்று சொல்ல வேண்டுமானால், யார் யாரோடு ஆடினார்கள் என்று பார்த்தே ஆக வேண்டும். எதிரணிகள் மொத்தத்தில் எவ்வளவு வலுவானவை என்பதை அட்டவணைக் கடினம் என்கிறார்கள். ரசிகர்களின் வாதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒன்றைப் பற்றியவைதான்.

ஆக, ஆட்டங்களின் முடிவு மட்டும் போதாது, தீர்ப்பும் வேண்டும். தீர்ப்புச் சொன்னது யார், எந்த விதிப்படி என்பது காலத்துக்குக் காலம் மாறியது.

## ஒரு வரியைப் படிப்பது எப்படி

பழைய பருவங்களின் பட்டியலைத் திறந்தால் ஆண்டுக்கு ஒரு வரி இருக்கும். 1973க்கான மிச்சிகன் வரியில் 10-0-1 என்று காணலாம். முதல் எண் வெற்றி, இரண்டாவது தோல்வி, மூன்றாவது சமன். 1996 முதல் உச்சப் பிரிவில் சமநிலை ஆட்டங்கள் கூடுதல் நேரத்தில் தீர்க்கப்படுகின்றன. அதற்குப் பிந்தைய வரிகளில் மூன்றாவது எண் இல்லாதது அதனால்தான்.

பருவம் தொடங்கும் ஆண்டே அதன் பெயர். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ தொடங்கும் பருவம் மறு ஜனவரியில் முடிகிறது. மிச்சிகன் கடைசியாகப் பட்டம் வென்ற ஆட்டம் 2024 ஜனவரி 8 அன்று நடந்தது, பட்டமோ 2023க்குரியது. இதை அறியாமல் இரண்டு பேர் ஒரே ஆட்டத்தைப் பற்றி வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லி மல்லுக்கட்டுவதைப் பார்க்கலாம்.

மிகப் பழைய வரிகளில் இன்னும் கவனம் தேவை. ஃபீல்டிங் யோஸ்ட் பயிற்றுவித்த 1901 மிச்சிகன் அணி 11 ஆட்டங்களில் 550 புள்ளிகள் எடுத்து ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. மலைக்க வைக்கும் கணக்குதான். ஆனால் அப்போது பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் டச் டவுனுக்கு ஐந்து புள்ளிகள். அது ஆறானது 1912இல். பந்தை முன்னோக்கி எறிவதே 1906 வரை விதிக்குப் புறம்பு. அந்த 550ஐ இன்றைய புள்ளிகளோடு ஒப்பிடுபவர் இரண்டு வேறு விளையாட்டுகளை ஒப்பிடுகிறார்.

## கான்ஃபரன்ஸ்

பல்கலைக்கழகங்கள் தமக்குள் சேர்ந்து அமைத்துக்கொண்ட கூட்டணிக்குக் கான்ஃபரன்ஸ் என்று பெயர். மிச்சிகன் இருப்பது பிக் டென் என்ற கூட்டணியில். 1896இல் தொடங்கிய அதில் 2024 முதல் 18 உறுப்பினர்கள். பெயரிலுள்ள பத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. ஒரு பருவத்தின் பெரும்பகுதி ஆட்டங்கள் கூட்டணிக்குள்ளேயே நடக்கும். அதனால் வரிகளில் இரண்டு கணக்குகள் இருக்கும், ஒன்று மொத்தம், மற்றொன்று கூட்டணிக்குள். கூட்டணிப் பட்டம் ஆட்டக் களத்தில் பெரும்பாலும் தெளிவாகத் தீர்ந்துவிடும். தேசியப் பட்டம்தான் தகராறு.

பழைய தலைமுறை ரசிகர்களுக்குக் கூட்டணிப் பட்டமே பெரிது. 1969 முதல் 1989 வரை மிச்சிகனைப் பயிற்றுவித்த போ ஷெம்பெக்லர் 13 முறை பிக் டென் பட்டத்தை வென்றார் அல்லது பகிர்ந்துகொண்டார். தேசியப் பட்டம் ஒன்றுகூட இல்லை. அவரைத் தோற்றுப்போன பயிற்சியாளர் என்று, மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரில் யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டும்.

## பவுல் என்ற விருந்தாட்டம்

வழக்கமான பருவம் முடிந்த பிறகு, சிறந்த அணிகளை வெதுவெதுப்பான ஊர் ஒன்றுக்கு அழைத்து நடத்தும் தனி ஆட்டம் பவுல். முதல் பவுல் ஆட்டத்தை ஆடியதும் யோஸ்டின் அதே மிச்சிகன்தான். 1902 ஜனவரி 1 அன்று கலிபோர்னியாவின் பாசடினாவில் ஸ்டான்ஃபர்டை 49-0 என்று அடித்தது. ஆட்டம் முடிய எட்டு நிமிடங்கள் இருக்கும்போதே ஸ்டான்ஃபர்ட் போதும் என்று நிறுத்திக்கொண்டது. விழா நடத்தியவர்கள் அடுத்த கால்பந்து ஆட்டத்துக்கு 1916 வரை துணியவில்லை, இடையில் தேர்ப்பந்தயமெல்லாம் நடத்திப் பார்த்தார்கள். அந்த ஆட்டம்தான் இன்றைய ரோஸ் பவுல்.

பவுல்கள் சாம்பியனைத் தீர்மானிக்கப் பிறந்தவை அல்ல. ஊருக்கு விருந்தினரை வரவழைக்கப் பிறந்தவை. ஒவ்வொரு பவுலும் சில கூட்டணிகளோடு ஒப்பந்தம் வைத்திருந்தது. ரோஸ் பவுலுக்கு பிக் டென் சாம்பியனும் பசிபிக் கரைக் கூட்டணியின் சாம்பியனும் போவார்கள். நாட்டின் முதல் இரண்டு அணிகள் வெவ்வேறு பவுல்களுக்கு ஒப்பந்தப்பட்டிருந்தால் அவை சந்திக்கவே முடியாது. பல பத்தாண்டுகள் இப்படியே ஓடின. இதை மரபு என்று புகழ்பவர்கள் உண்டு. எனக்கு இது ஊர்களின் வணிக நலனாகத்தான் தோன்றுகிறது.

சுருக்கமாக, கான்ஃபரன்ஸ் ஓர் அணியின் எதிரிகளில் பெரும்பாலோரைத் தீர்மானிக்கிறது. பவுல் ஒப்பந்தம் அது கடைசியில் யாரைச் சந்திக்க முடியாது என்பதைத் தீர்மானித்தது. மிச்சத்தை முடிவு செய்தது வாக்கு.

## வாக்குச்சீட்டில் பிறந்த சாம்பியன்கள்

1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் விளையாட்டு நிருபர்களிடம் வாக்குக் கேட்டு வாராவாரம் தரவரிசை வெளியிட்டு வருகிறது. 1950இல் பயிற்சியாளர்கள் வாக்களிக்கும் பட்டியலும் சேர்ந்தது. பருவ முடிவில் இவற்றில் முதலிடம் பெறும் அணி தேசிய சாம்பியன் என்று அழைக்கப்பட்டது. இரண்டு பட்டியல்கள் இருந்தால் இரண்டு சாம்பியன்கள் வருவது நடக்கக்கூடியதுதான், நடந்தது.

அதைவிட வேடிக்கை, நீண்ட காலம் இறுதி வாக்கெடுப்பு பவுல்களுக்கு முன்பே முடிந்துவிடும். 1947இல் மிச்சிகனும் நோட்ர டேமும் தோல்வியே காணவில்லை. டிசம்பரில் நிருபர்கள் நோட்ர டேமுக்கு முதலிடம் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். பிறகு ரோஸ் பவுலில் மிச்சிகன், சதர்ன் கலிபோர்னியாவை 49-0 என்று வீழ்த்தியது. அதே அணியை நோட்ர டேம் வென்றது 38-7 என்றுதான். கூச்சல் எழுந்ததால் அசோசியேட்டட் பிரஸ் தனியாக இன்னொரு வாக்கெடுப்பு நடத்தியது. மிச்சிகனுக்கு 226, நோட்ர டேமுக்கு 119. ஆனால் முதல் முடிவை இது மாற்றாது என்றும் சொல்லிவிட்டது. இன்று இரண்டு பல்கலைக்கழகங்களும் 1947ஐத் தத்தம் பட்டியலில் வைத்திருக்கின்றன. இரண்டும் பொய் சொல்லவில்லை.

நிருபர்கள் 1968 முதல் நிரந்தரமாகப் பவுல்களுக்குப் பிறகு வாக்களிக்கத் தொடங்கினார்கள். பயிற்சியாளர்கள் 1974 வரை இழுத்தார்கள். 1973 பருவத்தில் அவர்கள் முடிசூட்டிய அலபாமா, பவுலில் நோட்ர டேமிடம் 24-23 என்று தோற்ற பிறகுதான் உறைத்தது.

அதே 1973தான் மிச்சிகன்காரர்கள் இன்றும் பல்லைக் கடிக்கும் பருவம். நவம்பர் கடைசியில் பரம வைரியான ஒஹையோ ஸ்டேட்டைச் சந்தித்தது மிச்சிகன். இருவரும் அதுவரை தோற்கவில்லை. ஆட்டம் 10-10 என்று சமனில் முடிந்தது. கூட்டணிப் பட்டத்தைப் பகிர்ந்தாயிற்று, ரோஸ் பவுலுக்கு யாரை அனுப்புவது? பிக் டென் பல்கலைக்கழகங்களின் விளையாட்டு இயக்குநர்கள் பத்துப் பேர் மறுநாள் வாக்களித்தார்கள். ஒஹையோ ஸ்டேட் 6, மிச்சிகன் 4. முந்தைய ஆண்டும் ஒஹையோ ஸ்டேட்தான் போயிருந்தது. மிச்சிகனின் டென்னிஸ் ஃபிராங்க்ளின், பந்தை எறியும் முக்கிய ஆட்டக்காரர், அன்றைய ஆட்டத்தில் காறை எலும்பு முறிந்து கிடந்தது வாக்கைத் திருப்பியது என்று ஷெம்பெக்லர் கடைசிவரை கொதித்தார்.

சரி, வேறு பவுலுக்குப் போயிருக்கலாமே? போக முடியாது. ரோஸ் பவுலைத் தவிர வேறு எதிலும் பிக் டென் அணிகள் ஆடக் கூடாது என்ற விதி 1975 வரை இருந்தது. 1972 முதல் 1974 வரை மூன்று பருவங்களில் மிச்சிகன் 30 வெற்றி, 2 தோல்வி, 1 சமன். ஒரு பவுல்கூட ஆடவில்லை. இன்றைய கண்ணோடு பார்ப்பவருக்கு, பவுல் இல்லாத பருவம் என்றால் மோசமான அணி என்றுதான் தோன்றும். அந்த 10-0-1 வரியில் விளையாட்டுத் திறனைப் பற்றிய தகவல் பாதி, கூட்டணியின் விதி பாதி.

பிறகு 1997. மிச்சிகன் 12-0. அதன் தடுப்பாட்டக்காரர் சார்ல்ஸ் வுட்சன், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதைப் பெற்றார். அதுவரை தாக்கும் பக்கத்தில் ஆடுபவருக்கே கிடைத்துவந்த விருது அது. நெப்ராஸ்காவும் தோற்கவில்லை, 13-0. ஆனால் நவம்பரில் மிசூரியோடு ஆடும்போது அது தோல்வியின் விளிம்புக்குப் போனது. கடைசி நொடிகளில் எறிந்த பந்து ஓர் ஆட்டக்காரரின் காலில் பட்டு எகிற, தரையைத் தொடும் முன் இன்னொருவர் பிடித்தார். கூடுதல் நேரத்தில் 45-38 என்று நெப்ராஸ்கா தப்பியது. அதே நாளில் மிச்சிகன், பென் ஸ்டேட்டை 34-8 என்று நொறுக்கியது. தரவரிசையில் மிச்சிகன் முதலிடத்துக்கு ஏறியது.

இருவரையும் மோதவிட வேண்டியதுதானே என்று யாரும் கேட்பார்கள். பிக் டென் சாம்பியன் ரோஸ் பவுலுக்குக் கட்டுப்பட்டது, நெப்ராஸ்கா வேறு கூட்டணி. மிச்சிகன் வாஷிங்டன் ஸ்டேட்டை 21-16 என்று வென்றது. மறுநாள் நெப்ராஸ்கா டென்னசியை 42-17 என்று வென்றது. நிருபர்கள் மிச்சிகனை முதலிடத்தில் வைத்தார்கள். பயிற்சியாளர்களோ மிகச் சிறிய வித்தியாசத்தில் நெப்ராஸ்காவுக்குக் கொடுத்தார்கள். நெப்ராஸ்காவின் பயிற்சியாளர் டாம் ஆஸ்பர்ன் அந்த ஆட்டத்தோடு ஓய்வு பெறுவதாக அறிவித்திருந்தார். விடைபெறும் சகாவுக்குப் பரிசாகத்தான் பயிற்சியாளர்கள் வாக்கைப் போட்டார்கள் என்பது மிச்சிகன் தரப்பு வாதம். தரமான அணியைக் கடைசி இரவில் எவ்வளவு தெளிவாக வென்றோம் பாருங்கள் என்பது நெப்ராஸ்கா தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது, இரண்டையும் சோதித்துப் பார்க்க வழி இல்லை.

வாக்குகளுக்கு வெளியேயும் பட்டம் கொடுப்பவர்கள் உண்டு. கணித முறை வைத்திருந்தவர்கள், பழைய பருவங்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்து பெயர் அறிவித்தவர்கள் எனப் பலர். இவர்களைத் தேர்வாளர்கள் என்பார்கள். மிச்சிகனின் 1901 பட்டமே பல ஆண்டுகள் கழித்துத் தேர்வாளர்கள் வழங்கியதுதான். 1941இல் அலபாமா இரண்டு ஆட்டங்களில் தோற்று நிருபர்களின் பட்டியலில் 20ஆம் இடத்தில் முடித்தது. அந்த ஆண்டு அப்பட்டியலில் முதலிடம் மினசோட்டா. ஆனாலும் ஒரு கணித முறை அலபாமாவை முதலிடத்தில் வைத்தது, அலபாமா அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. பதினெட்டு என்ற எண்ணைக் கேட்டால் பக்கத்து மாநிலத்தார் சிரிப்பது இதனால்தான்.

## இரண்டு பேர், நான்கு பேர், பன்னிரண்டு பேர்

1997இன் வெட்கத்துக்கு அடுத்த ஆண்டே முறை மாறியது. 1998 முதல் 2013 வரை பிசிஎஸ் என்ற ஏற்பாடு நடந்தது. வாக்கெடுப்புகளையும் கணினித் தரவரிசைகளையும் கூட்டி முதல் இரண்டு இடங்களில் வரும் அணிகளை ஓர் இறுதி ஆட்டத்தில் மோதவிட்டார்கள். முதலாவது யார் என்ற சண்டை, இரண்டாவது யார் என்ற சண்டையாக மாறியது.

2006இல் அதற்கு இரையானதும் மிச்சிகன். தரவரிசையில் முதலிடத்திலிருந்த ஒஹையோ ஸ்டேட்டும் இரண்டாவதாக இருந்த மிச்சிகனும் நவம்பர் 18 அன்று சந்தித்தன. முந்தின நாள்தான் ஷெம்பெக்லர் இறந்திருந்தார். 42-39 என்று ஒஹையோ ஸ்டேட் வென்றது. மூன்று புள்ளிகளில், எதிரியின் களத்தில் தோற்ற மிச்சிகனுக்கு மறு வாய்ப்புக் கொடுக்கலாமா? வாக்காளர்கள் வேண்டாம் என்று புளோரிடாவை மேலே தூக்கினார்கள். புளோரிடா இறுதி ஆட்டத்தில் ஒஹையோ ஸ்டேட்டை 41-14 என்று வென்றது, மிச்சிகன் ரோஸ் பவுலில் தோற்றது. வாக்காளர்கள் சரியாகச் செய்தார்கள் என்றே இன்று தோன்றுகிறது. அடுத்த பருவத்தின் முதல் நாளில் மிச்சிகன் தன் சொந்த அரங்கில் கீழ்ப் பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 34-32 என்று தோற்றது தனிக் கதை. அந்தக் கீழ்ப் பிரிவு அணி, களத்தில் ஆடி வென்ற என்சிஏஏ பட்டத்தைக் கையில் வைத்திருந்தது.

2014இல் நான்கு அணிகளின் நாக் அவுட் சுற்று வந்தது. இதைப் பிளேஆஃப் என்கிறார்கள். நால்வரைத் தேர்ந்தெடுத்தது 13 பேர் கொண்ட குழு. மிச்சிகனுக்கு 2021இலும் 2022இலும் அரையிறுதியிலேயே கதவு சாத்தப்பட்டது. 2023இல் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவின் அணி அரையிறுதியில் அலபாமாவைக் கூடுதல் நேரத்தில் 27-20 என்றும், இறுதியில் வாஷிங்டனை 34-13 என்றும் வென்று 15-0 என்று முடித்தது. தகராறே இல்லாத பட்டம் என்று எழுதலாம், ஃபுளோரிடா ஸ்டேட் ரசிகர்கள் விடமாட்டார்கள். 13-0 என்று கூட்டணிப் பட்டத்தோடு நின்ற அந்த அணியை, முக்கிய ஆட்டக்காரர் காயப்பட்டிருந்த நிலையில், குழு நால்வரில் சேர்க்கவில்லை. பெரிய கூட்டணி ஒன்றில் தோல்வியே காணாத சாம்பியனுக்குப் பிளேஆஃபில் இடம் மறுக்கப்பட்டது அதுவே முதல் முறை.

2024 முதல் பன்னிரண்டு அணிகள். அந்த முதல் ஆண்டிலேயே பழைய தர்க்கம் தலைகீழானது. 6-5 என்று தடுமாறிக்கொண்டிருந்த மிச்சிகன், நவம்பர் 30 அன்று ஒஹையோ ஸ்டேட்டை அதன் சொந்த மண்ணில் 13-10 என்று வென்றது. 1997இல் இது ஒஹையோ ஸ்டேட்டின் பருவத்தை முடித்திருக்கும். 2024இல் அது பன்னிரண்டில் ஓர் இடத்தைப் பிடித்து, நான்கு ஆட்டங்களையும் வென்று 14-2 என்று சாம்பியன் ஆனது. மிச்சிகன் ரசிகர்களுக்கு அந்த 8-5 பருவம் மனநிறைவான ஒன்று. பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது புரியவே புரியாது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால், 1968க்கு முன் என்றால் பவுலுக்கு முந்தைய வாக்கு, 1997 வரை பவுலுக்குப் பிந்தைய வாக்கு, 2013 வரை இரண்டு பேர், 2023 வரை நான்கு பேர், அதன் பின் பன்னிரண்டு பேர். சாம்பியன் என்ற ஒரே சொல்லுக்கு ஐந்து காலத்தில் ஐந்து நிபந்தனைகள்.

## கொடுத்ததைத் திரும்ப வாங்குவது

பழைய பட்டியல்களில் நட்சத்திரக் குறியும் கோடிட்ட எண்களும் கண்ணில் படும். விதிமீறல் தெரியவரும்போது, நடந்த ஆட்டத்தின் வெற்றியைக் கணக்கிலிருந்து நீக்குவது உண்டு. இதை வெற்றி நீக்கம் என்று புரிந்துகொள்ளலாம். தோற்ற அணிக்கு வெற்றி போய்ச் சேராது. வென்ற அணியின் ஏட்டில் மட்டும் அழிப்பார்கள்.

2004 பருவத்தில் சதர்ன் கலிபோர்னியா இறுதி ஆட்டத்தில் ஓக்லஹோமாவை 55-19 என்று வென்றது. ஆட்டக்காரர் ஒருவர் விதிக்குப் புறம்பான சலுகைகள் பெற்றது பின்னர் தெரியவந்து, 2011இல் பிசிஎஸ் தன் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. அசோசியேட்டட் பிரஸ் திரும்பப் பெறவில்லை. நிருபர்கள் களத்தில் கண்டதற்கு வாக்களித்தார்கள், அது மாறவில்லை என்பது அதன் நிலை. ஆகவே ஒரு பட்டியலில் 2004க்கு எதிரே சதர்ன் கலிபோர்னியா இருக்கும், இன்னொன்றில் அந்த இடம் காலி.

மிச்சிகனின் 2023க்கும் இந்த நிழல் உண்டு. அடுத்து என்ன ஆடுவது என்று சொல்ல எதிரணிகள் காட்டும் கைச் சைகைகளை முறைகேடாக முன்கூட்டியே ஆள் அனுப்பிப் பதிவுசெய்தது பருவத்தின் நடுவிலேயே வெளிவந்தது. ஹார்பா கடைசி மூன்று வழக்கமான ஆட்டங்களில் களத்துக்கு வர பிக் டென் தடை விதித்தது. என்சிஏஏ விசாரணை 2025 ஆகஸ்டில் பெரும் அபராதத்தோடு முடிந்தது. வெற்றிகளை நீக்கவில்லை, பட்டமும் அப்படியே இருக்கிறது. பட்டத்தைக் கொடுத்தது பிளேஆஃப் அமைப்பு, விசாரித்தது என்சிஏஏ, இரண்டும் வேறு என்பதை மறந்தே இரு தரப்பாரும் இதைப் பற்றி வாதாடுகிறார்கள். ஏட்டில் 15-0 என்றுதான் இருக்கிறது. நட்சத்திரக் குறி ஒஹையோவில் வாய்ச்சொல்லாக மட்டும் புழங்குகிறது.